கடைக்காரர் சும்மா கொடுத்த டைச் சங்கிலி

அன்றிரவு காற்றே இல்லை. ஆனாலும் ஹேங்கர்கள் தட்டிக்கொண்டன.

பழைய ஆண்பிள்ளை உடுப்புச் சாமான் விற்பவள் இரவில் கேட்கும் சத்தத்துக்கெல்லாம் பயந்தால் தொழில் செய்ய முடியாது. என் முன் அறையில் ஜன்னலிலிருந்து வாசற்கதவு வரைக்கும் ஒரு நைலோன் கயிறு. அதில் மர ஹேங்கர்கள் வரிசையாகத் தொங்கும். ஒவ்வொன்றின் தோளிலும் ஏதோ ஒரு தையற்கடையின் பெயர் சுடப்பட்டிருக்கும். வெள்ளவத்தையில் கடல்பக்க ஒழுங்கையில் மேல்மாடி வீடு. கடற்காற்று வந்தால் அவை ஒன்றோடொன்று மோதும். ரயில் போனாலும் மோதும். அதெல்லாம் காதுக்குப் பழகிய சத்தம். அன்று திரைச்சீலை அசையவில்லை. கடைசி ரயிலும் போய்விட்டது. கதவுப் பக்கத்து ஹேங்கர்கள் மட்டும் தட்டின. பிறகு யாரோ கையால் பிடித்து நிறுத்தியதுபோலச் சட்டென்று நின்றன. நான் பின் அறையில் பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன். எழுந்து போய்ப் பார்க்கவில்லை.

முன் அறையைக் கடையாக்கி, மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு, "ஓம் அண்ணா இருக்கு, படம் போடுறன்" என்று வாட்ஸ்அப்பில் எழுதி எழுதியே பெருவிரல் தேய்ந்த சகோதரிகளே, நான் ஏன் எழுந்து போகவில்லை என்று உங்களுக்கு விளங்கும். மற்றவர்களுக்கு விளங்க, தொழிலிலிருந்து தொடங்க வேண்டும்.

மாசக் கடைசி

ஒரு காலத்தில் கொழும்பில் கோட் தைத்தால் தையற்காரர் கையோடு ஏதாவது சும்மா கொடுப்பார். கத்தரிக்கோல் வடிவத்தில் டை கிளிப், சேட் கையில் மாட்டும் கஃப்லிங்க் சோடி, கொலர் மடங்காமல் உள்ளே செருகும் தகடு, கோட்டில் தூசி தட்டும் பிரஷ், சப்பாத்துக்குள் குதியை இறக்கும் நீட்டு இரும்பு. எல்லாவற்றின் முதுகிலும் கடையின் பெயரும் அந்தக் காலத்துச் சின்ன டெலிபோன் நம்பரும் இருக்கும். துணிக்கடைக்காரர்கள் நத்தாருக்கும் தீபாவளிக்கும் கைக்குட்டைப் பெட்டி கொடுப்பார்கள். கடைகள் சில மூடிவிட்டன, சில கலவரத்தில் எரிந்தன. கோட் போட்டவர்கள் வெளிநாட்டுக்கோ கனத்தை மயானத்துக்கோ போய்விட்டார்கள். சாமான் மட்டும் அலுமாரி மூலைகளில் மிஞ்சிக் கிடக்கிறது. அதைப் பொறுக்கி, மினுக்கி, படம் எடுத்து விற்பதுதான் என் வேலை. வாங்குகிறவர்கள் யார் என்று எல்லோரும் கேட்கிறார்கள். நானும் தொடக்கத்தில் கேட்டேன்.

கனடாவிலிருந்து ஒருவர் குரல்பதிவு அனுப்பினார். வெள்ளவத்தையில் எரிந்துபோன ஒரு கடை கொடுத்த டை கிளிப் வேண்டுமாம். வீட்டோடு எல்லாம் எரிந்ததில் தகப்பனுடைய ஒரே ஒரு படம்தான் மிச்சம். அந்தப் படத்தில் அவர் அதைக் குத்தியிருக்கிறார். படத்தையும் அனுப்பினார். நெஞ்சு நிமிர்த்தி நிற்கிற ஒரு மனிதர், டையில் வெள்ளையாக ஒரு கோடு. அந்தக் கோடு எந்தக் கடையுடையது என்று கடவுளுக்குத்தான் தெரியும். தேடிப் பார்க்கிறேன், எவ்வளவு அவசரம் என்று கேட்டேன். அவர் நல்ல மரியாதையாகப் பதில் சொன்னார்: "அவசரமில்லை தங்கச்சி, அப்பாக்குப் பெட்டிக்குள்ள குத்தி விடத்தான். ஆனா டொக்டர் மாசக் கடைசி எண்டு சொல்றார்."

மலர்ச்சாலைக்காரர்

என்னுடைய நிரந்தர வாடிக்கையாளர் கொட்டாஞ்சேனைப் பக்கத்தில் ஒரு மலர்ச்சாலையில் வேலை செய்கிறார். மலர்ச்சாலை என்றால் பூக்கடை இல்லை, பிரேதத்துக்கு உடுப்பு மாட்டி, பெட்டியில் வைத்து, வீட்டுக்கு அனுப்புகிற இடம். இந்தக் காலத்து ஆண்களிடம் டை கிளிப்பும் கஃப்லிங்கும் கிடையாது. செத்த பிறகு மட்டும் வீட்டுக்காரர் அவர்களைக் கனவானாகப் பார்க்க ஆசைப்படுகிறார்கள். ஆகவே அவர் மொத்தமாக வாங்குவார். கையில் எப்போதும் ஊதுபத்தி வாசம். சிரித்த முகம். என் மகள் ஷெரினுக்கு டொஃபி கொண்டுவருவார், நான் அதை அவருக்குத் தெரியாமல் குப்பையில் போடுவேன்.

ஒருமுறை ஒரு கிளிப்பின் பின்னால் கடைப் பெயர் பெரிதாக இருக்கிறதே, அராவித் தரவா என்று கேட்டேன். கொன்வென்டில் படித்தவள் அல்லவா, அரைகுறைச் சாமானை ஒருவர் தலையில் கட்டக்கூடாது என்று சிஸ்டர்மார் பழக்கியிருக்கிறார்கள். அவர் கையை ஆட்டினார்: "தேவையில்லை மிஸ். எங்கட ஆக்களை ஒருத்தரும் திருப்பிப் பார்க்கிறேல்ல."

தாழ்ப்பாள்

இப்போது என் கணவர் டெரன்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கலியாணக் கோட்டைக் கொட்டாஞ்சேனையில் ஒரு கிழத் தையற்காரர் தைத்தார். அவர்தான் பழைய வழக்கத்தை விடாமல், மாப்பிள்ளைக்கென்று ஒரு டைச் சங்கிலி சும்மா கொடுத்தார். மெல்லிய வெள்ளிநிறச் சங்கிலி, நடுவில் சின்னத் தகடு, தகட்டின் பின்னால் கடைப் பெயர். டெரன்ஸ் கலியாணத்தன்று அதைப் போட்டார். புருவத்தில் மோட்டார்சைக்கிளால் விழுந்த தழும்பு, கழுத்தில் டை, டையில் சங்கிலி, படத்தில் நல்ல வடிவு. அடுத்த நாளே அதை வீட்டுத் திறப்பு, அதாவது சாவி, கொழுவும் சங்கிலியாக ஆக்கிவிட்டார். என் திறப்பும் அவருடையதும் மாறாமல் இருக்க, நான் அந்தத் தகட்டில் நகத்துக்குப் பூசும் சிவப்புக் கியூட்டெக்ஸால் ஒரு பொட்டு வைத்தேன். கடைக்காரர் சும்மா கொடுத்த சாமானிலும் ஒரு கதை இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது அந்தச் சங்கிலியால்தான். தொழில் அங்கேதான் தொடங்கியது.

போன வருஷம் டெரன்ஸ் தோஹாவுக்கு வேலைக்குப் போனார். திறப்பையும் சங்கிலியோடு கொண்டு போனார். எந்த நேரம் வந்தாலும் நானே திறந்துகொண்டு வருவேன், உள்ளே தாழ்ப்பாள் மட்டும் போடாதே என்றார். சில மாதங்கள் போன் கோல் வந்தது. பிறகு நம்பர் வேலை செய்யவில்லை. கொட்டாஞ்சேனையில் இருக்கும் மாமியிடம் கேட்டால், கொம்பனி மாறியிருப்பான், சிம் மாறியிருப்பான் என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் வைத்திருப்பார். பிள்ளையோடு தனியாக இருக்கிறேன், இரவில் தாழ்ப்பாள் போடட்டா மாமி என்று ஒருநாள் கேட்டேன். அவர் கதவைச் சாத்தியது நானே என்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டார்: "தாழ்ப்பாளைப் போட்டா என்ர பிள்ளை எப்பிடி மகள் உள்ளுக்கு வாறது?"

ஒரே சேட்

படம் எடுக்கும்போது டை கிளிப்பை மேசையில் வைத்து எடுத்தால் எடுபடாது. சேட்டில் குத்தி, டை கட்டி, ஒரு ஆள் நிற்கிறதுபோலக் காட்ட வேண்டும். டெரன்ஸ் விட்டுப்போன வெள்ளைச் சேட் ஒன்றை ஹேங்கரில் மாட்டி, அதில்தான் எல்லாப் படமும் எடுத்தேன். சாமான் மாறும், சேட் மாறாது. இது இந்தத் தொழிலில் எங்களைப் போன்றவர்கள் மட்டுமே விடக்கூடிய பிழை.

வாங்க வருகிறவர்களுக்காக நான் ஒரு பொய் வைத்திருந்தேன். ஆண்கள் வந்தால் பாத்ரூம் தண்ணியைத் திறந்துவிட்டு, "அவர் குளிக்கிறார், இருங்கோ" என்பேன். பெரும்பாலானவர்கள் சாமானை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஒருநாள் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், கொள்ளுப்பிட்டியில் ஏதோ ஒஃபிசில் வேலையாம், கஃப்லிங்க் பார்க்க வந்தார். ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒன்றையும் வாங்கவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. தண்ணி ஓடிக்கொண்டே இருந்தது. "கன நேரமாக் குளிக்கிறார் என்ன" என்றார். நான் ஓம் என்றேன். ஷெரின் என் பின்னால் வந்து சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அவர் கதவடியில் நின்று, தொங்கிய சேட்டை விரலால் தொட்டுவிட்டுச் சொன்னார்: "உங்கட படமெல்லாத்திலயும் இதே சேட்தான் மிஸ், மடிப்புக்கூட அதே மடிப்பு. போடுற ஆள் வீட்டில இல்லைத்தானே?"

சவப்பெட்டிக்காரரின் அவசரம்

அன்றிலிருந்து எனக்கு நித்திரை போனது. தாழ்ப்பாளில் கை வைத்தும் பார்த்தேன். கடலுப்பில் துருப்பிடித்து, அதன்மேல் வீட்டுச் சொந்தக்காரர் பெயின்டும் அடித்துவிட்டதில் அது அசையவில்லை. அசையாதது நல்லதென்றும் ஒரு மனம் சொன்னது. நாளைக்கே டெரன்ஸ் வந்து நின்றால்? கதவுக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் கதிரையை நகர்த்தி, அதன்மேல் டை கிளிப் நிறைந்த பிஸ்கற் டின்னை வைத்தேன். யாராவது தள்ளினால் டின் விழும், நான் எழும்புவேன். எழும்பி என்ன செய்வேன் என்று யோசிக்கவில்லை.

அந்தக் கிழமையே மலர்ச்சாலைக்காரர் ஓடிவந்தார். அவருக்கென்று ஒதுக்கி வைத்த கறுப்புக்கல் கஃப்லிங்க் சோடி உடனே வேண்டும். நான் சோடிகளைத் தனித்தனியே நீல நூலால் கட்டி வைப்பேன். கொன்வென்டில் தையல் சிஸ்டர் சொல்லித் தந்த முடிச்சு, இழுத்தால் இறுகும், நுனியில் பூ மாதிரி நிற்கும். தட்டில் தேடினேன். இல்லை. அலுமாரியில், கட்டிலடியில், ஷெரினுடைய விளையாட்டுப் பெட்டியில் தேடினேன். பிள்ளையை ஏசினேன். அவள் அழுதாள். நான் முழங்காலில் நின்றபடி மன்னிப்புக் கேட்கிறேன், மலர்ச்சாலைக்காரர் வாசலில் மணிக்கூட்டைப் பார்க்கிறார்: "மிஸ், ஆள் ரெடியாப் படுத்திருக்கிறார். நான் போய் அவருக்குச் சேட் கையை மடிச்சு விடவா?"

ஃபேன்

இனி அந்தக் காற்றில்லாத இரவு. ஹேங்கர்கள் தட்டி நின்ற பிறகு நான் விடியும்வரை கண்மூடவில்லை என்று நினைத்திருந்தேன். ஆனால் மூடியிருக்கிறேன். விழித்தபோது கதிரை கதவிலிருந்து தள்ளி, சுவரோரமாக நின்றது. டின் அதன்மேலேயே இருந்தது. ஒரு கிளிப்கூட விழவில்லை. ஷெரின் இருட்டில் லைட் போடுவதற்குக் கதிரையை இழுக்கிறவள்தான். அவள்தான் என்று எனக்கு நானே சொன்னேன்.

நர்சரிக்குத் தலைவாரி விடும்போது கேட்டேன், "இரவு கதிரையைத் தள்ளினீங்களா செல்லம்?" இல்லை என்று தலையாட்டினாள். ஃபேன் மெதுவாகச் சுற்றுவதை அப்போதுதான் கண்டேன். படுக்கும்போது கடைசி எண்ணில் வைத்தது எனக்கு நல்ல ஞாபகம். ஷெரினுக்குத் தடிமன் சளி பிடிக்கும், ஃபேனைக் குறை என்று எந்த நாளும் என்னோடு சண்டை பிடிக்கிற ஒரே ஆள் தோஹாவில் இருக்கிறார். சீப்பு கையிலேயே நின்றது. பிள்ளை கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சாதாரணமாகச் சொன்னாள்: "டடிதான் வந்து குறைச்சவர் மம்மி. ஷ் எண்டு சொன்னவர்."

கனவு என்று சொல்லி நர்சரிக்குக் கூட்டிப்போனேன். வழியெல்லாம் அவளுடைய கையை நசுக்கியிருக்கிறேன் போல, கேட்டடியில் விட்டபோது விரல்கள் சிவந்திருந்தன.

என் முடிச்சு

எனக்குச் சாமான் கொண்டுவருகிறவர் கிராண்ட்பாஸில் பழைய சாமான் வியாபாரம் செய்யும் ஒரு முஸ்லிம் நானா. வயதானவர், கண்ணாடிக்கு ஒரு கால் இல்லை, நூலால் காதில் மாட்டியிருப்பார். வீடு வீடாக வாங்குவதையும், கடையில் கொண்டுவந்து தருவதையும் பேப்பரில் சுற்றி எடுத்துவந்து என் மேசையில் கொட்டுவார். வெறுங்கையோடு வந்தால் கோபிப்பார், தன்மேலேயே. பிள்ளையோடு ஒரு பொம்பளை தன் கையால் சம்பாதிக்கிறதில் அவருக்கு என்னைவிடப் பெருமை.

போன முறை கொட்டியதில் கறுப்புக்கல் கஃப்லிங்க் சோடி ஒன்று வந்து விழுந்தது. நீல நூல். நுனியில் பூ. நான் அதை எடுத்து மூக்குக்குக் கிட்டே பிடித்துப் பார்த்தேன். என் முடிச்சு. பக்கத்தில் இன்னும் இரண்டு சோடி, அவற்றிலும் என் முடிச்சு. இழந்தது தெரியாமலே இழந்தவை. சகோதரிகளே, என் சாமானை நானே விலை பேசி வாங்கினேன். வேறென்ன செய்ய? களவென்று சொன்னால் அந்த மனுஷன் அந்த இடத்திலேயே விழுந்து செத்துப்போவார். பொலிசுக்குப் போனால் முதல் கேள்வி "புருஷன் எங்க?" என்பதாகத்தான் இருக்கும். சேட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போன அந்தச் சேட்காரர்தான் யாரையோ அனுப்பியிருக்கிறார் என்று எனக்குள் முடிவே கட்டிவிட்டேன்.

யார் கொண்டுவந்து தந்தது நானா என்று மட்டும் கேட்டேன். அவர் ஒற்றைக் கால் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்: "ஒரு வேதக்காரப் பொடியன், மகள். சேர்ச்சுக்குப் போற ஆக்கள் மாதிரி நல்ல மரியாதை. வாப்பாட சாமானாம். இந்த முடிச்சப் பார்த்துத்தான் நானும் நம்பினேன், இவ்வளவு அழகா முடிஞ்சு வெச்சிருக்கிறவன் கள்ளனா இருப்பானா?"

சிவப்புப் பொட்டு

இன்று பின்னேரம் நானா மறுபடி வந்தார். ஷெரின் தரையில் படம் கீறிக்கொண்டிருந்தாள். பேப்பர் பொட்டலத்தை அவிழ்த்தபோது முதலில் உருண்டு வந்தது ஒரு டைச் சங்கிலி. தகடு குப்புற விழுந்தது, கொட்டாஞ்சேனைத் தையற்காரரின் பெயர் மேலே. நான் திருப்பவில்லை. திருப்பாமல் இருந்தால் அது வேறு யாருடையதாகவும் இருக்கலாம். அந்தத் தையற்காரர் எத்தனை மாப்பிள்ளைகளுக்குக் கொடுத்திருப்பார். ஷெரின் எழுந்து வந்து அதைத் தூக்கினாள். "பொட்டு!" என்றாள்.

பாதி உரிந்த சிவப்புப் பொட்டு.

"இதில ஒரு திறப்புத் தொங்கினது நானா. அது எங்க?"

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று நிமிர்ந்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு மெதுவாகத்தான் சொன்னார். அதே பொடியன்தான். புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு. போதைத்தூள் பாவிக்கிற ஆள் என்று முதல் தரம் தெரியவில்லை, இந்த முறை தெரிந்தது, கை நடுங்கி மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. இரக்கப்பட்டுத்தான் சங்கிலியை எடுத்தாராம். ஷெரின் சங்கிலியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு ஓடிவிட்டாள். நானா அவள் போகும்வரை பார்த்திருந்துவிட்டு, இருப்பதிலேயே தாழ்ந்த குரலில் மிச்சத்தைச் சொன்னார்: "திறப்பையும் எடுங்கண்டு கெஞ்சினான் மகள். வீட்டுத் திறப்பெல்லாம் நமக்கு ஹராம், கழட்டி எடுத்துக்கிட்டுப் போண்டு சொல்லிட்டேன். அப்ப பக்கத்தில நிண்ட ஒருத்தன் அவன்ட தோள்ல கையப் போட்டு, 'எனக்குத் தா, எந்த வீடு?'ண்டு கேட்டுக் கூட்டிக்கிட்டுப் போனான்."

மாமியின் கேள்வி

நானா போன கையோடு கொட்டாஞ்சேனை மாமிக்குக் கோல் எடுத்தேன். ஷெரினுக்குக் கேட்காமல் பாத்ரூமுக்குள் போய், பழக்கதோஷத்தில் தண்ணியையும் திறந்துவிட்டேன்.

"மாமி, டெரன்ஸ் தோஹாவிலயா இருக்கிறார்?"

மறுபக்கம் டிவியில் யாரோ சிரித்தார்கள். பிறகு டிவி நின்றது.

"உனக்கு ஆர் சொன்னது?"

"ஆர் சொன்னா என்ன மாமி. இருக்கிறாரா இல்லையா?"

"போனவன்தான் மகள். பொய் இல்லை. அங்க சரிவரேல்ல, திருப்பி அனுப்பிப்போட்டாங்கள். உன்ர முகத்தில முழிக்க வெக்கம். இஞ்ச ரெண்டு கிழமை இருந்தவன், பிறகு அந்தக் கிராண்ட்பாஸ் கூட்டத்தோட..." அழுதார். அழுது முடித்து மூக்கைச் சிந்தினார். "பிள்ளையைப் பார்க்கத்தான் வாறவன். பிள்ளைக்கு ஒண்டும் செய்யமாட்டான்."

அது எனக்கும் தெரியும். ஃபேனைக் குறைத்த கை அது. எந்த இரவிலும் அவருக்கு நான் பயப்பட்டிருக்கத் தேவையில்லை. அந்தச் சேட்காரர் பாவம், அவர் சேட்டைத்தான் பார்த்தார். ஆனால் திறப்பு இப்போது யார் கையில் என்று டெரன்ஸுக்கே தெரியுமோ என்னவோ. அதை மாமியிடம் சொன்னேன். இன்னொருவன் திறப்பு வாங்கிக்கொண்டு, எந்த வீடு என்றும் கேட்டிருக்கிறான். வீட்டில் நானும் ஷெரினும்தான். இன்றிரவு தாழ்ப்பாள் போடப்போகிறேன். கதவு திறபடாவிட்டால் டெரன்ஸ் கதவைத் தட்டட்டும், தட்டிப் பேர் சொன்னால் திறக்கிறேன்.

மாமி கோபமாக அல்ல, உண்மையாகவே விளங்காமல் கேட்டார்: "தன்ர வீட்டுக் கதவை ஒரு ஆம்பிளை தட்டிக்கொண்டு நிக்கிறதா மகள்?"

இரும்பு

இதை ஷெரின் படுத்த பிறகு மேசையில் இருந்து எழுதுகிறேன். தொடங்கும்போது தாழ்ப்பாள் போடவில்லை, போட முடியவில்லை. தேங்காயெண்ணெய் ஊற்றினேன். பெயின்டைக் கத்தியால் சுரண்டினேன். கொஞ்சம் எழுதுவேன், எழுந்துபோய் அதைத் தள்ளிப் பார்ப்பேன், வந்து எழுதுவேன். ஹேங்கர்களையெல்லாம் கயிற்றிலிருந்து கழற்றி நிலத்தில் அடுக்கினேன். இனி அந்தச் சத்தத்துக்குக் காரணம் தேட வேண்டியதில்லை. வெள்ளைச் சேட்டை ஊறப்போட்டேன்.

மாடிப்படியில் யாரோ ஏறுகிற சத்தம் கேட்டது. மேலே வந்து, எதிர்வீட்டுக் கதவு திறந்து மூடியது. எதிர்வீட்டுப் பொடியன் கிளாஸ் முடிந்து வருகிறான். அது தெரிந்தும் என் கை நிற்கவில்லை. சாமான் தட்டிலிருந்து கையில் அகப்பட்டதை எடுத்தேன். சப்பாத்து மாட்டும் நீட்டு இரும்பு, கைபிடியில் ஒரு துணிக்கடையின் பெயரும் நத்தார் வாழ்த்தும். அதைத் தாழ்ப்பாளின் காதுக்குள் கொடுத்து முழுப் பாரத்தையும் போட்டு நெம்பினேன். இரும்பு வளைந்தது. இன்னும் நெம்பினேன். தாழ்ப்பாள் கத்திக்கொண்டு ஓடி, நிலைக்குள் போய் இறங்கியது.

அந்தச் சத்தத்தில் ஷெரின் எழும்பி வந்து, கழுத்தில் சங்கிலியோடு, கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றாள். கதவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்: "அப்ப டடி வந்தா?"

"தட்டுவார் செல்லம். தட்டினா மம்மிக்குக் கேக்கும்" என்று தூக்கிக்கொண்டு போய்ப் படுக்கவைத்தேன், ஃபேனைக் குறைத்தேன்.

இந்தத் தொழிலில் வீட்டைவிட்டுப் போன சாமானெல்லாம் கிராண்ட்பாஸைச் சுற்றிக்கொண்டு என் மேசைக்கே திரும்பி வந்துவிடுகிறது, திறப்பு ஒன்றுதான் இன்னும் வரவில்லை, ஆகவே கதவுக்கு உள்ளால் தாழ்ப்பாள் போட்டாயிற்று.